சிவப்பு மண்ணில் சிவப்பு ஒயின் ஊறாது

கெலமங்கலம் பக்கத்திலிருந்து போன வாரம் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இரண்டரை ஏக்கர் நிலம், ஒரு போர்வெல், தக்காளியில் இரண்டு வருடமாக நஷ்டம். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். சென்ற மாதம் இதே இதழில் வந்த கட்டுரை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு நிலங்களில் உலகத் தரமான சிவப்பு ஒயினுக்குத் திராட்சை விளையும் என்று அடித்துச் சொல்லும் கட்டுரை. பேனாவால் கோடு போட்டிருந்தார். “தம்பி, பந்தல் போட ஏக்கருக்கு எவ்வளவு ஆகும்? வீட்டுக்காரி நகையை வைக்கலாம்னு இருக்கேன்” என்றார்.

அந்தக் கோடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாப்பாட்டு மேசையில் நாலு பேர் பேசிக்கொள்ளும் தவறு என்றால் விட்டிருப்பேன். அடகுக் கடை வாசல் வரை ஒருவரைக் கூட்டிப்போகிற தவறு இது.

நான் பாகலூர் பக்கத்துத் திராட்சை விவசாயியின் மகன். இருபது வருடமாக இந்தப் பக்கத்து ரோஜா, காய்கறி விவசாயிகளுக்குப் பயிர் ஆலோசனை சொல்வதுதான் என் பிழைப்பு. கட்டுரையாளருக்கு மண்ணின் மேல் பிரியம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர் மண்ணைப் பார்த்திருக்கிறார், தோண்டிப் பார்க்கவில்லை. கட்டுரையின் முதல் பத்தியிலேயே அது தெரிந்துவிடுகிறது. ஒயின் திராட்சை விளையும் நந்தி மலைப் பக்கமும் செம்மண், ஓசூரும் செம்மண். இந்தச் செம்மண்ணின் இரும்புதான் ஒயினுக்கு நிறத்தையும் கனத்தையும் கொடுக்கிறது. ஆகவே அங்கே விளைவது இங்கேயும் விளையும் என்கிறார்.

ஓசூர் சந்தையில் ஒரு கிலோ பெங்களூரு நீலத் திராட்சை வாங்கி ஒரு பழத்தைப் பிதுக்கிப் பார்த்தால் போதும். தோல் கறுப்பு. உள்ளே இருக்கும் சதையும் சாறும் வெளிறிய பச்சை. கபர்னே சோவினியோன், ஷிராஸ் என்று பெயர்பெற்ற ஒயின் திராட்சைகளும் அப்படித்தான். நிறம் தோலில் இருக்கிறது. நசுக்கிய பழத்தைத் தோலோடு சேர்த்துப் புளிக்கவைப்பதால்தான் ஒயின் சிவக்கிறது. தோலை உடனே பிரித்துவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தே வெள்ளை ஒயின் எடுக்கலாம். ஷாம்பெயின் பகுதியில் பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையை வைத்து அதைத்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள். தோலின் நிறமியைக் கொடி தானே தயாரித்துக்கொள்கிறது. மண்ணிலிருந்து சிவப்பை உறிஞ்சி மேலே அனுப்புவதில்லை. அப்படி அனுப்புமென்றால் நம் ஊர்ச் செம்மண்ணில் விளையும் முட்டைகோஸ் எப்போதோ சிவந்திருக்க வேண்டும்.

இரும்புக் கதை இதைவிட மோசம். கொடிக்கு வேண்டிய இரும்பு கடுகளவு. ஒயினில் இரும்பு கூடினால் அது குறை, ஒயின் கலங்கிப்போகும். அதை நீக்குவதற்கென்றே ஒயின் ஆலைகள் தனியாக வேலை மெனக்கெட்டிருக்கின்றன. அலெக்ஸ் மால்ட்மன் என்ற வேல்ஸ் நாட்டு நிலவியல் பேராசிரியர் பாறையும் மண்ணும் ஒயினும் பற்றி 2018இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். தோட்டத்துப் பாறையின் ருசி அப்படியே கோப்பையில் வந்து நிற்பதில்லை என்பதுதான் அவர் பல வருடங்களாகச் சொல்லி வருவது. கொடியின் வேர் கல்லைத் தின்பதில்லை. தண்ணீரில் கரைந்த உப்புகளை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

செம்மண் என்பதே ஒரு மண்ணின் பெயர் அல்ல, ஒரு நிறத்தின் பெயர். ஆஸ்திரேலியாவில் கூனவாரா என்ற ஊரின் சிவப்பு மண் உலகப் புகழ் பெற்றது. கபர்னேவுக்குப் பேர்போன இடம். அந்தச் சிவப்பு மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது. நமக்கு அடியில் கிடப்பது கருங்கல். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் குவாரி கண்ணில் படுகிறதே, அந்தக் கல் மக்கி வந்த மண் இது. இரண்டும் சிவப்பு, ஏனென்றால் இரண்டிலும் இரும்புத் துரு இருக்கிறது. மற்றபடி இரண்டும் உறவு கொண்டாட முடியாது.

அப்படியானால் மண்ணுக்கும் ஒயினுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. கட்டுரையாளர் தவறவிட்ட இடம் அதுதான். அதை விளக்க நான் வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை, என் அப்பாவின் தோட்டமே போதும்.

ஒன்றே முக்கால் ஏக்கர். மேல் பக்கம் மேடு, கீழ்ப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டிச் சரியும். இரண்டு கோடிக்கும் நடுவே இருநூறு மீட்டர்கூட இருக்காது. மேட்டில் இரண்டடி தோண்டினால் சரளை. கடப்பாரை பட்டால் தீப்பொறி பறக்கும். கீழே நாலடி தோண்டினாலும் கையில் ஒட்டுகிற கறுத்த களி. ஒரே வருடம் நட்ட ஒரே ரகம், ஒரே கை செய்த கவாத்து, ஒரே எரு. மேட்டுக் கொடியின் தண்டு கட்டைவிரல் கனம், பழம் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிது, தோல் தடித்திருக்கும், கடித்தால் நாக்கு இறுகும். கீழ்க் கொடி பந்தலையே மூடிக்கொள்ளும். அதன் பழம் பெரியது, பளபளவென்றிருக்கும், வாயில் போட்டால் தண்ணீர். மேட்டுக் கொடிக்கு மழை நின்ற பத்தாம் நாளே தாகம் எடுக்கும். கீழ்க் கொடிக்கு ஒன்றரை மாதம் ஆனாலும் தாகம் தெரியாது. தாகம் அளவாக எடுத்த கொடி இலை விடுவதை நிறுத்திக்கொண்டு பழத்தைக் கவனிக்கும். பழம் சிறுத்தால் சாற்றை ஒப்பிடத் தோலின் பங்கு கூடும்; தோலின் பங்கு கூடினால் நிறமும் துவர்ப்பும் கூடும். மலைத் தோட்டம், பள்ளத்தாக்குத் தோட்டம் என்று உலகம் முழுக்கப் பேசுகிற பேச்சின் சாரம் எங்கள் ஒன்றே முக்கால் ஏக்கருக்குள் கிடந்தது. மேடும் பள்ளமும் அங்கே தண்ணீரைப் பிடித்து வைப்பதையும் விடுவதையும்தான் தீர்மானித்தன.

பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஜெரார் செகேன் என்ற ஆய்வாளர் பல்லாண்டுக் காலம் மெடோக் பகுதியின் பேர்பெற்ற தோட்டங்களின் மண்ணை ஆராய்ந்தார். எந்தச் சத்து இருந்தால் நல்ல ஒயின் வரும் என்று ஒரு பட்டியல் கிடைக்கவில்லை. நல்ல ஒயின் வந்த நிலங்களுக்குள் பொதுவாக இருந்தது, தண்ணீரை வேகமாக வடியவிட்டு, கொடிக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிற குணம். அவருக்குப் பின் அதே போர்தோவில் கொர்னேலிஸ் வான் லேவன் தலைமையில் ஒரு குழு மூன்று மண், மூன்று ரகம், ஐந்து வருடப் பருவம் என்று சேர்த்து அளந்து 2004இல் வெளியிட்டது. பருவமும் மண்ணும் செய்த வித்தியாசம் ரகம் செய்ததைவிடப் பெரிது. ஆனால் அந்த மண்ணும் பெரும்பாலும் கொடிக்குக் கிடைக்கும் தண்ணீர் வழியாகத்தான் வேலை செய்கிறது போலும் என்பது அவர்கள் முடிவு. ஐந்து வருடம் அளந்தவர்கள் இவ்வளவு அடக்கமாகச் சொல்கிறார்கள். ஒரு நாள் காரில் வந்து ஓரத்து மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தவருக்கு எங்கிருந்து இவ்வளவு உறுதி வந்தது?

அடுத்து, உயரம். மலை ஒயின் உயர்ந்தது, பள்ளத்தாக்கு ஒயின் மட்டம் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். நந்தி மலையை முதல் சாட்சியாக நிறுத்துகிறார். நந்தி மலை உச்சி ஏறத்தாழ 1,480 மீட்டர். அங்கே ஒயின் திராட்சை விளையவில்லை. கன்வல் குரோவர் 1988இல் தொடங்கிய, இந்தப் பக்கத்தின் பழைய ஒயின் தோட்டம், மலையடிவாரத்தில் தொட்டபல்லாபுரம் பக்கத்துச் சமநிலத்தில் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 900 மீட்டர். ஓசூர் பேருந்து நிலையமும் ஏறக்குறைய அதே உயரம்தான். மலையின் பெயரைப் பார்த்து மலை ஒயின் என்று எழுதிவிட்டார்.

அமெரிக்காவின் நாப்பா பள்ளத்தாக்கையும் இழுத்திருக்கிறார். அங்கே ஹவல் மவுன்டன் என்ற மலைப் பகுதிக்கு 1983இல் தனி எல்லை வகுத்தார்கள். எல்லைக் கோடு 1,400 அடிக்கு மேல், அதாவது 427 மீட்டருக்கு மேல். அந்த “மலை”யின் அடிக்கோட்டைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் நம் சிப்காட் தொழிற்சாலைகள் நிற்கின்றன. வெறும் உயரம்தான் ஒயினைத் தருமென்றால் ஓசூர் ரயில்வே கேட்டில் கொடி நட்டாலும் ஹவல் மவுன்டனை வென்றிருக்க வேண்டும். அங்கே 1,400 அடி என்பதற்குக் காரணம் மூடுபனி. வளைகுடாவிலிருந்து வரும் பனி காலையில் பள்ளத்தாக்கை நிரப்பும். அந்தக் கோட்டுக்கு மேலே வெயில். இரவில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மலைச்சரிவு கதகதப்பாக இருக்கும். அங்கே மலையின் இரவு பள்ளத்தாக்கின் இரவைவிடச் சூடு.

அர்ஜென்டினாவில் மெண்டோசா பக்கம் இது தலைகீழ். அது பாலைவனம், வருட மழை 200 மில்லிமீட்டர் அளவில்தான். கீழே வெயில் தாங்காமல் ஆண்டிஸ் மலை ஓரமாக ஊக்கோ பள்ளத்தாக்கில் 1,000 மீட்டரும் 1,500 மீட்டரும் ஏறிப்போய் மால்பெக் ரகத்தை நடுகிறார்கள். பெயரோ பள்ளத்தாக்கு, உயரமோ நம் தளியைத் தாண்டும். அங்கே உயரம் சூட்டுக்கு மருந்து. பிரான்சின் பொய்யாக்கில் ஷாத்தோ லத்தூர் இருக்கிறது. உலகத்தில் விலை அதிகமான சிவப்பு ஒயின்களில் ஒன்று. அந்தத் தோட்டம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி, கடல் மட்டத்துக்கு மேல் 30 மீட்டர்கூட எட்டாத கூழாங்கல் மேட்டில் கிடக்கிறது. கட்டுரையாளரின் தீர்ப்புப்படி லத்தூர் மட்டமான ஒயின். இதைப் படித்துப் பார்க்க ஒரு சாயங்காலம் போதும். அந்த ஒரு சாயங்காலத்தைக்கூட அவர் செலவழிக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

உயரம் நம் ஊரில் என்ன செய்கிறது என்று அறிய விரும்பினால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு மார்ச் மாதம் பகலில் ஒரு பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகலாம். சூளகிரி தாண்டி மேலுமலைக் கணவாயில் வண்டி இறங்கும்போது முகத்தில் அடிக்கிற காற்று மாறும். கிருஷ்ணகிரி சேர்வதற்குள் ஏறத்தாழ 400 மீட்டர் இறங்கியிருப்போம். நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் என்ற கணக்கில் இரண்டரை டிகிரி. திராட்சைக்கு இது சின்ன விஷயமே இல்லை. பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் தோலில் நிறமி உருவாவது தடைப்படும், உருவானதும் சிதையும். இரவு இறங்காமல் புழுங்கினால் பழத்திலுள்ள மாலிக் அமிலத்தைக் கொடி மூச்சிலேயே செலவழித்துவிடும். சர்க்கரை ஏறும், புளிப்பு காணாமல் போகும், ஒயின் சப்பென்று உட்காரும். இந்த அளவில் ஓசூர் மேட்டு நிலம் கிருஷ்ணகிரியைவிட நல்ல இடம். இந்த ஒரு வரியை அவர் எழுதியிருந்தால் கைகூப்பி ஏற்றுக்கொண்டிருப்பேன். அவரோ கிருஷ்ணகிரி, ஓசூர், தளி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் செம்மண் என்று சீட்டு ஒட்டிவிட்டார்.

தளியிலேயே ஒரே மாதிரி நிலம் இல்லை. அங்கே ரோஜாக் கூடாரம் வைத்திருக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். டிசம்பர், ஜனவரி இரவில் குளிர் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். விடிந்து எட்டு மணி வரை கூடாரத்தின் பிளாஸ்டிக்கில் உள்பக்கம் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் மொட்டு அழுகல் முதலில் வரும். நூறு அடி மேலே இருக்கும் கூடாரத்தில் அதே இரவு இலை காய்ந்திருக்கும். அந்த விவசாயிக்கு இருக்கும் இடம் பற்றிய அறிவில் கால்வாசி அந்தக் கட்டுரையில் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கு தோற்றுப்போனது என்று அவர் எழுதியதைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. கம்பம் எதில் தோற்றது? அங்கே விளைவது பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். கொடிக்கு அங்கே பனிக்கால உறக்கம் என்பதே கிடையாது. கவாத்துக் கத்திதான் அதற்குப் பருவம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது, சாப்பிடுவதற்கான பழம். சாப்பிடுகிற பன்னீரைக் கொண்டுபோய் நந்திப் பக்கத்துக் கபர்னேவோடு நிறுத்தி, பார், பள்ளத்தாக்கு தோற்றது என்கிறார். ரகம் வேறு, பந்தல் வேறு, கவாத்து வேறு, நோக்கமே வேறு. இடத்தை ஒப்பிட வேண்டுமானால் ஒரே ரகத்தை இரண்டு இடத்திலும் நட வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சோதனை முறை இது. கூடலூர், காமயகவுண்டன்பட்டி விவசாயிகளின் உழைப்பை ஒரு வரியில் மட்டம் என்று எழுத அவருக்கு எந்த உரிமையும் இல்லை.

இனி மழைக்கு வருகிறேன். அவருடைய கட்டுரை முழுவதிலும் மழை என்ற சொல் ஒரே இடத்தில் வருகிறது, அதுவும் வர்ணனையாக.

நம் பக்கத்துத் திராட்சைக்கு வருடத்தில் இரண்டு கவாத்து. ஏப்ரல் வாக்கில் கொடியை வெட்டிக் கிளை கட்டுவது ஒன்று. செப்டம்பர், அக்டோபரில் பழத்துக்கு வெட்டுவது இன்னொன்று. இரண்டாவது வெட்டின் துளிரில்தான் பூ வரும், பிப்ரவரி மார்ச்சில் பழம். நாசிக்கிலும் இதே கணக்குதான். ஆனால் நாசிக்கில் அக்டோபர் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை விலகும், வானம் வெளுக்கும், துளிர் உலர்ந்த காற்றில் வளரும். நமக்கோ தென்மேற்கு முடிகிற இடத்தில் வடகிழக்கு கைகொடுக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வருட மழை 850 மில்லிமீட்டர் அளவு. அதில் அதிகம் பெய்கிற மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். துளிர் பிஞ்சாக இருக்கும்போது, பூ விரிகிற சமயத்தில், சரியாக அதன் தலைமேல் பெய்கிற மழை. கவாத்து ஒன்றாக இருந்து என்ன, மழை மாதம் ஒன்றாக இல்லையே.

ஒரு அக்டோபரில் மூன்று நாள் விடாமல் தூறியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நாலாம் நாள் காலையில் அப்பா ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்தார். எண்ணெய் சிந்தியதுபோல மஞ்சள் வட்டம். திருப்பினால் அடியில் வெள்ளைப் பஞ்சு. அடிச்சாம்பல் நோய். ராத்திரியோடு ராத்திரியாக டிரம்மில் போர்டோ கலவை போட்டோம்: 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில் துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. கலக்கியதும் அப்பா தேய்த்து வைத்த அரிவாளை அதில் முக்கி எடுத்து லாந்தர் வெளிச்சத்தில் பார்ப்பார். இரும்பில் செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். இன்னும் ஒரு கை சுண்ணாம்பு. படியாமல் வரும்வரை முக்கி முக்கிப் பார்ப்பார். அந்தக் கலவைக்குப் பெயர் கொடுத்த போர்தோவிலும் இதே நோய்தான் 1880களில் தோட்டங்களை அழித்தது. மில்லார்தே என்ற பேராசிரியர் 1885இல் இந்தக் கலவையை வெளியிட்ட பிறகுதான் அந்த ஊர் மூச்சுவிட்டது. அங்கேயும் ஒயினைக் காப்பாற்றியது மண் அல்ல.

அந்த வருடம் எங்கள் கொத்தில் மூன்றில் ஒன்று தங்கியது. தங்கியதும் சர்க்கரை ஏறவில்லை. சாறு எடுக்கிற ஒரு வியாபாரியிடம் லோடு கொண்டுபோனோம். கண்ணாடி மீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, இனிப்பு போதாது, திருப்பிக்கொண்டு போங்கள் என்றார்கள். திரும்பி வருகிற வழியில் அப்பா பேசவே இல்லை. அதுவும் பெங்களூரு நீலம். அமெரிக்கக் கொடியின் ரத்தம் கலந்த, முரட்டு ரகம். கட்டுரையாளர் நடச் சொல்லும் கபர்னேவுக்கு அடிச்சாம்பலைத் தாங்கும் சக்தி துளியும் கிடையாது.

நந்திப் பக்கமும் இதே மழைதானே, அங்கே எப்படி வருகிறது என்று அவர் கேட்கலாம். நல்ல கேள்வி, அவர்தான் கேட்டிருக்க வேண்டும். குரோவர் 1980களில் பல இடங்களையும் பல பிரெஞ்சு ரகங்களையும் சோதித்துப் பார்த்தார். ஷாம்பெயின் பகுதியிலிருந்து ஜார்ஜ் வெசெல் என்ற ஒயின் நிபுணர் வந்து உடன் நின்றார். 1990களில் மிஷேல் ரோலான் என்ற பிரெஞ்சு ஒயின் நிபுணர் ஆலோசகராக வந்தார். கவாத்து நாளை நகர்த்திப் பார்க்கவும், நாள் தவறாமல் மருந்தடிக்கவும், ஒரு வருடம் கெட்டால் தாங்கவும் பணம் இருந்தது. நல்ல ஒயினுக்காக விளைச்சலை ஏக்கருக்கு மூன்று நான்கு டன்னோடு நிறுத்திக்கொள்ளும் தைரியமும் அந்தப் பணத்திலிருந்து வந்தது. பந்தலில் பெங்களூரு நீலம் பத்து டன்னைத் தாண்டிக் காய்க்கும். எங்கள் வீட்டில் மேட்டுப் பழம்தான் ருசி. ஆனால் வியாபாரி எடை போட்டு வாங்கியதால் கீழ்ப் பக்கத்துத் தண்ணீர்ப் பழம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. சிறுத்த பழத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் இல்லாத ஊரில், கொடியைத் தாகத்தில் விடுங்கள் என்று விவசாயிக்கு உபதேசம் செய்வது அவன் வயிற்றில் அடிப்பது.

மாநில எல்லைதான் நம் ஒயினைத் தடுக்கிறது என்று அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். கர்நாடகம் 2007இல் ஒயினுக்கென்றே கொள்கை வகுத்தது, வாரியம் அமைத்தது. இங்கே 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். ஒரு சின்ன விவசாயி தன் தோட்டத்தில் ஒயின் வடித்துத் தன் வாசலில் விற்க வழியில்லை. ஆனால் அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் கொள்கை இருந்தும், சிக்கபல்லாபூர், கோலார் விவசாயி பெரும்பாலும் எதை நடுகிறார்? 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பெங்களூரு நீலத்தையும் தில்குஷ் போன்ற சாப்பிடும் ரகங்களையும்தான். அவருக்கு லாபம் தெரியும். அரசாணை அக்டோபர் மழையைத் தள்ளிவைக்காது.

தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து நம்மிடம் வருகிறது, ஆகவே ஒரே ஆறு, ஒரே நிலம், ஒரே ஒயின் என்று முடித்திருக்கிறார். ஆறு நந்தியில் பிறப்பது உண்மை. பிறந்த ஆறு நம்மை அடைவதற்கு முன் பெங்களூருவின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு வருவதும் உண்மை. மழை நாளில் கெலவரப்பள்ளி அணையின் மதகுக்குக் கீழே நின்றால், ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை ஆற்றை மூடிக்கிடப்பதைக் காணலாம். மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது. ஆற்றுத் தண்ணீர் வேண்டாம், போர்வெல் இருக்கிறது என்றால், ஆழம் போகப்போக உப்பு கூடிய தண்ணீர். அந்த உப்பைத் தாங்க டாக்ரிட்ஜ் என்ற அடிக்கட்டையில் ஒட்டுப்போட வேண்டும். அந்த அடிக்கட்டை கொடியைக் கொழுக்க வைக்கும், மண்ணிலிருந்து பொட்டாசியத்தை வாரி எடுக்கும். பழத்தில் பொட்டாசியம் கூடினால் ஒயினின் புளிப்பு இறங்கும், சிவப்பு மங்கி நீலம் பாயும். மண்ணும் ஒயினும் பேசிக்கொள்வது இப்படித்தான், தண்ணீர் வழியாக, வேர் வழியாக, சுற்றி வளைத்து.

இங்கே ஒயின் திராட்சை வரவே வராது என்று நான் சொல்லவில்லை. வருமா என்று எனக்குத் தெரிந்து இதுவரை யாரும் அளக்கவில்லை. கிருஷ்ணகிரி, சூளகிரி, தளி மூன்று உயரத்திலும் ஒரே ரகத்தில் இருபது இருபது கொடி நட்டு, இரவுச் சூட்டையும் இலை நனைந்திருக்கும் மணிகளையும் நாலு வருடம் குறித்து வைக்கட்டும். ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரு நீலத்தைத் தாயாக வைத்து உருவாக்கிய அர்கா ஷியாம் ரகம் இருக்கிறது. அதையும் பக்கத்தில் நடட்டும். அந்தச் செலவை அரசு ஏற்கட்டும், ஆலை வைக்க ஆசைப்படுகிறவர் ஏற்கட்டும், கட்டுரையாளரே முன்வந்தாலும் என் நேரத்தை இலவசமாகத் தருகிறேன். இரண்டரை ஏக்கர்க்காரர் தலையில் அந்தச் சோதனையைக் கட்டக் கூடாது.

கெலமங்கலத்து அண்ணனிடம் நான் விலை எதுவும் சொல்லவில்லை. “நகையை அப்புறம் பார்க்கலாம் அண்ணா, முதல்ல பந்தல் போடற இடத்துல மூணடிக்கு ஒரு குழி எடுங்க” என்று மட்டும் சொன்னேன். அவரே அன்று சாயங்காலம் வெட்டினார். மேலே ஒன்றரை அடி அழகான செம்மண், கட்டுரையில் இருந்த அதே நிறம். அதற்குக் கீழே இறுகிய களி, மண்வெட்டி வழுக்கியது. அன்று இரவு ஒரு மழை பெய்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனில் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் அளவு செந்நிறத் தண்ணீர் அசையாமல் நின்றது. ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு வந்தோம். மூன்றாம் நாளும் தண்ணீர் அடையாளத்துக்கு இரண்டு விரல்தான் இறங்கியிருந்தது.